கேலிச்சித்திரம் வரைந்து உலகைப் படித்தல்: ஆசிரிய மாணவருக்கு ஓர் எளிய அறிமுகம்

கரும்பலகையில் ‘பசி’ என்று மட்டும் எழுதிவிட்டு, இதைப் பற்றிப் பத்து நிமிடத்தில் ஒரு கேலிச்சித்திரம் வரையுங்கள் என்று ஆசிரிய மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள். பலருடைய தாளில் விலா எலும்பு தெரியும் ஓர் ஆபிரிக்கக் குழந்தைதான் வந்து நிற்கும். பக்கத்தில் வெடித்த நிலம், மேலே ஒரு கழுகு. இலங்கையின் பொருளாதார நெருக்கடியில், 2022 இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற குடும்பங்களின் பிள்ளைகள்தான் இவர்கள். வீட்டில் ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஆனாலும் பேனையைக் கையில் எடுத்ததும் பசி வேறு கண்டத்துக்குப் போய்விடுகிறது.

வரைந்தவரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. தொலைக்காட்சியும் நிதி சேர்க்கும் விளம்பரங்களும் பல பத்தாண்டுகளாகக் காட்டிவந்த உருவம் அது. தன் மனதில் அது இவ்வளவு ஆழமாகப் பதிந்திருப்பது அவருக்கே தெரியாது. வரைந்த பிறகுதான் தாளில் தெரிகிறது. தெரிந்த பிறகு வகுப்பு பேசலாம். ஏன் ஆபிரிக்கா? ஏன் தனியாக ஒரு குழந்தை, அதன் தாய் எங்கே? அந்த ஊரில் தானியம் விளையவில்லையா, விளைந்தும் வாங்கக் காசில்லையா, போர் நடக்கிறதா? மாணவர் வரைந்த கேலிச்சித்திரத்தைக் கொண்டு உலகப் பிரச்சினைகளைப் படிப்பது என்றால் அடிப்படையில் இவ்வளவுதான். எஞ்சியதெல்லாம் இதைக் கவனமாகச் செய்யும் வழிகள்.

இதற்குப் பக்கத்தில் உள்ளவை

தொடங்குகிறவர்கள் இதை வேறு சிலவற்றோடு குழப்பிக்கொள்வது உண்டு. பத்திரிகையில் வந்த கேலிச்சித்திரத்தை வகுப்பில் காட்டி விளக்குவது ஒரு நல்ல வேலை. தமிழில் அதற்கு நீண்ட மரபு இருக்கிறது. பாரதியார் தம் ‘இந்தியா’ வார இதழில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேலிச்சித்திரங்களை வெளியிட்டார்; யாழ்ப்பாணத்துச் ‘சிரித்திரன்’ சஞ்சிகையை நம் பெற்றோர் தலைமுறை ஆவலோடு வாசித்தது. ஆனால் அங்கே மாணவர் வாசகர். இங்கே அவர் வரைபவர்.

இன்னொன்று, விஞ்ஞான ஆசிரியர்கள் பயன்படுத்தும் எண்ணக்கருச் சித்திரம். பிரித்தானியாவில் பிரெண்டா கியோ, ஸ்டுவர்ட் நெய்லர் என்ற இருவர் 1991 இல் உருவாக்கியது. ஒரு பனிமனிதனுக்குக் கோட்டு போட்டால் சீக்கிரம் உருகுமா, தாமதமாக உருகுமா என்று சில பிள்ளைகள் படத்தில் வாதிடுவார்கள். வகுப்பு யார் பக்கம் என்று சொல்லவேண்டும். அதுவும் சிந்திக்கத் தூண்டும், ஆனால் படத்தை ஆசிரியர் ஆயத்தமாகக் கொண்டுவருகிறார்.

மூன்றாவது, சுவரொட்டி. சுற்றாடல் தினத்துக்கு நம் பாடசாலைகளில் வருடம் தவறாமல் வரைவது. இரண்டு கைகள் பூமியைத் தாங்கும், அதில் ஒரு பச்சைச் செடி, கீழே ‘மரம் நடுவோம்’. இதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஒருவரும் மறுக்காத இடத்தில் பேச என்ன இருக்கிறது? கேலிச்சித்திரம் ஒரு கருத்தைச் சொல்லியாகவேண்டும். ‘இவர் இதைச் செய்கிறார், அதனால் அவருக்கு இது நடக்கிறது’ என்று யாரையாவது சுட்டவேண்டும்.

என்னைக் கேட்டால் முழு முறையின் பலமும் இங்கேதான் இருக்கிறது. கட்டுரையில் ‘சுற்றாடல் மாசடைகின்றது’, ‘விவசாயிகள் பாதிக்கப்படுகின்றனர்’ என்று எழுதிவிட்டுத் தப்பித்துவிடலாம். யார் மாசாக்கினார், யார் பாதித்தார் என்று சொல்லாமலே ஒரு பக்கத்தை நிரப்பி நல்ல புள்ளியும் வாங்கலாம். படத்தில் அது முடியாது. குழாயிலிருந்து கழிவு வருகிறது என்று வரைந்தால் குழாய் ஒரு கட்டடத்தில் தொடங்கவேண்டும். அந்தக் கட்டடத்துக்கு ஒரு பெயர்ப்பலகை வேண்டும். யார் பெரிய உருவம், யார் சிறிய உருவம், யார் நிற்கிறார், யார் குனிந்திருக்கிறார், யாருக்குப் பேச்சுக்குமிழி உண்டு, யார் வாய் திறக்கவே இல்லை என்று ஒவ்வொன்றையும் முடிவு செய்யாமல் ஒரு கோடும் போடமுடியாது. அந்த முடிவுகள்தான் பாடப்பொருள்.

ஏன் ஆசிரியர் பயிற்சியில்?

வரைபடம் மனதைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்குக் கல்வி ஆய்வில் புகழ்பெற்ற சான்று ஒன்று இருக்கிறது. டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 4,807 ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொல்லிச் சேகரித்த படங்களைப் பற்றி 1983 இல் எழுதினார். பெண் விஞ்ஞானியை வரைந்தவை வெறும் 28. அந்த 28ஐயும் வரைந்தவர்கள் சிறுமிகள். விஞ்ஞானி என்றால் ஆண் என்று எந்தப் பாடப்புத்தகமும் அந்தப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்காது. எப்படியோ கற்றிருந்தார்கள்.

ஆசிரியராகப் போகிறவரின் மனதிலும் இப்படிப் பல படங்கள் இருக்கும். அகதி என்றால் யார், ஏழை என்றால் யார், முன்னேறிய நாடு என்றால் எது என்பதற்கெல்லாம் ஒவ்வொரு படம். தாழங்குடாவில் உள்ள மட்டக்களப்புக் கல்வியியற் கல்லூரியிலோ அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியிலோ இரண்டு ஆண்டு படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டு பயிலுநராகப் பாடசாலைக்குப் போகிறவர் அந்தப் படங்களையும் கூடவே கொண்டுபோகிறார். வகுப்பில் இருக்கும் அத்தனை பிள்ளைகளிடமும் அவை போய்ச் சேரும். அதற்கு முன்பே அவற்றைத் தாளில் இறக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2015 இல் ஏற்றுக்கொண்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் நான்காவது கல்வி பற்றியது. அதில் 4.7 என்ற குறிக்கோள், 2030க்குள் எல்லா மாணவரும் நிலைபேறான வாழ்க்கை, மனித உரிமை, பால்நிலைச் சமத்துவம், சமாதானம், உலகக் குடியுரிமை ஆகியவை பற்றிய அறிவையும் திறனையும் பெறவேண்டும் என்கிறது. மனனம் செய்தால் 17 இலக்குகளின் பெயரையும் வரிசையாக ஒப்புவித்துவிடலாம். ஆனால் அந்த இலக்குகள் ஒன்றோடு ஒன்று மோதும் இடங்களை, அதாவது ஒருவரின் வேலை இன்னொருவரின் குடிதண்ணீரைக் கெடுக்கும் இடங்களை, குறிப்பு எழுதி விளங்கவைக்க முடியாது.

படத்தைப் பார்த்துப் பேசிப் படிப்பது புதிய யோசனையும் இல்லை. பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே 1960களின் தொடக்கத்தில் எழுத்தறியாத உழைப்பாளர்களுக்கு எழுத்தைக் காட்டும் முன் அவர்களுடைய அன்றாட வாழ்க்கையை வரைந்த படங்களைக் காட்டி, இதில் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று பேசவைத்தார். 1964 இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவர் சிறையில் அடைக்கப்பட்டு, பிறகு நாட்டைவிட்டே போகவேண்டியதாயிற்று. ஏன் என்று கேட்கப் பழகிய மக்களைப் பார்த்து ஆட்சியாளர் எவ்வளவு பயந்திருக்கிறார்கள் பாருங்கள்.

பள்ளக்காட்டு யானை

ஒரு படம் எப்படி வளரும் என்று நம்மூர் விடயம் ஒன்றை வைத்துப் பார்ப்போம். அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு குப்பைமேட்டில் யானைகள் பொலித்தீன் தின்னும் காட்சி 2022 தொடக்கத்தில் உலகச் செய்தியானது. அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே பிளாஸ்ரிக்கைத் தின்று இறந்ததாக அப்போது செய்திகள் வந்தன.

இதை வரையச் சொன்னால் முதல் படம் அநேகமாக இப்படி இருக்கும்: தாளின் நடுவில் பெரிய யானை, கண்ணில் ஒரு துளி, வாயில் சொப்பிங் பேக். மேலே ‘பொலித்தீனைத் தவிர்ப்போம்’. இரக்கம் இருக்கிறது, நல்லது. ஆனால் இன்னும் சுவரொட்டிதான். இப்போது விரிவுரையாளர் ஒரேயொரு கேள்வி கேட்கிறார்: இந்தப் படத்தில் இல்லாதவர் யார்?

குப்பை கொட்டியவர் இல்லை. சரி, இரண்டாவது படத்தில் ஓர் உழவு இயந்திரம் வருகிறது, பெட்டி நிறையக் குப்பையோடு. அதை ஓட்டுபவர்தான் குற்றவாளியா? அவர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார். குப்பை நம் வீட்டு வாசலிலிருந்து போனது. அப்போது வீட்டுக்காரர் குற்றவாளியா? அந்தப் பையைப் பிரித்துப் பார்த்தால் பிஸ்கற் உறை, பால்மாப் பைக்கற், ஒரு தடவைக்கான சின்ன ஷாம்பு உறை. ஏன் இவ்வளவு சின்ன உறை? நாட்கூலிக்குப் போகும் குடும்பத்தால் போத்தலாக வாங்கமுடியாது. அது நிறுவனத்துக்குத் தெரியும், அதனால்தான் சின்ன உறையில் விற்கிறது. உறை எதிலிருந்து வந்தது? பெற்றோலியத்திலிருந்து. அது எங்கிருந்து? இதற்கிடையில் பின்வரிசையில் ஒருவர் எழும்பி, யானை ஏன் காட்டைவிட்டு அங்கே வந்தது, குப்பைமேட்டைக் காட்டோரத்தில் வைத்தது யார் என்று கேட்பார். அதுவும் கேட்கவேண்டிய கேள்வி.

மூன்றாவது படத்தில் ஒரு நீண்ட வரிசை இருக்கலாம். இடது ஓரத்தில் எண்ணெய்க் கிணறு, அடுத்துத் தொழிற்சாலை, பிறகு சின்ன உறைகள் தோரணமாகத் தொங்கும் கடை, வீடு, உழவு இயந்திரம், குப்பைமேடு. வலது ஓரத்தில் யானை. முதல் படத்தில் தாளை நிறைத்து நின்ற யானை இப்போது எல்லாரையும்விடச் சிறியதாக இருக்கும். அப்படிச் சிறிதாக்கு என்று யாரும் சொல்லித்தரவில்லை. பலத்தின் அளவைக் கொண்டு உருவத்தின் அளவைத் தீர்மானிக்க மாணவர் தானே கற்றுக்கொண்டுவிட்டார்.

இந்த மூன்றாவது படத்தோடு வகுப்பு உலக மேசைக்கே வந்துவிடுகிறது. பிளாஸ்ரிக் மாசைக் கட்டுப்படுத்த ஓர் உலக உடன்படிக்கை வேண்டும் என்று 2022 மார்ச்சில் நைரோபியில் நாடுகள் முடிவெடுத்தன. அதன் பிறகு நடந்த பேச்சுகளில் பெரிய இழுபறி எதில் தெரியுமா? குப்பையை ஒழுங்காக அகற்றினால் போதுமா, உற்பத்தியையே குறைக்கவேண்டுமா என்பதில். எண்ணெய் விற்கும் நாடுகள் பல உற்பத்தியில் கைவைக்க விரும்பவில்லை. வரிசையின் வலது ஓரத்தைத் திருத்துவதா, இடது ஓரத்தையா என்று நம் மாணவர் கேட்ட கேள்வியும் இதேதான். இந்தச் செய்தியைப் படம் வரையும் முன் கொடுத்தால் அது இன்னொரு குறிப்பு. மூன்றாவது படத்துக்குப் பிறகு கொடுத்தால் மாணவர் பாய்ந்து வாசிப்பார்.

இதே வழியில் போகக்கூடிய விடயங்கள் இந்தக் கிழக்குக் கரையில் நிறைய. ஒலுவில் துறைமுகத்துக்குப் பிறகு அரிக்கப்படும் கடற்கரையும் தோணி இழுத்துவைக்க இடமில்லாமற்போன மீனவரும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தபோது வயல் வட்டைக்குள் மஞ்சளாகி நின்ற வேளாண்மை. நுண்கடன் தவணை நாளில் வீட்டுக்கு வரும் மோட்டார்சைக்கிள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன தாய், அம்மம்மாவோடு வளரும் பிள்ளை. உலகப் பிரச்சினை என்றதும் வெளிநாட்டைத் தேடி ஓடவேண்டாம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் தொடங்குங்கள், கயிற்றைப் பிடித்துப் போனால் உலகம் தானாக வரும்.

வகுப்பில் செய்யும் விதம்

‘எனக்கு வரைய வராது’ என்ற பேச்சு முதல் நிமிடத்திலேயே வரும். கரும்பலகையில் ஒரு வட்டமும் ஐந்து கோடும் போட்டு ஒரு குச்சி மனிதனை வரைந்து காட்டுங்கள். முடிந்தால் அதையும் கோணலாக வரையுங்கள். அழகாக வரைகிறவர் வகுப்பில் இருவரோ மூவரோ இருப்பார்கள். அவர்களை முதலில் பாராட்டிவிட்டால் மற்றவர்களின் பேனை நின்றுவிடும். ஏ4 தாள், கறுப்புப் பேனை போதும். கறுப்பில் வரைந்தால் போட்டோகொப்பியும் தெளிவாக வரும்.

ஒரே சட்டத்தில் சொல்லமுடியாமல் திணறுகிறவர்களுக்கு நான்கு கட்டம் கொடுங்கள். இந்தியாவில் கேலிச்சித்திரக் கலைஞர் சரத் சர்மா போன்றவர்கள் கிராமத்து மக்களோடு சேர்ந்து பரப்பிய சுவர்ச் சித்திரக்கதைகள் இந்த நான்கு கட்ட வடிவத்தில்தான் இருக்கும். இரண்டு ஏ4 தாளை ஒட்டி, நான்கு கட்டம் போட்டு, படியெடுத்துத் தேநீர்க் கடையிலும் பஸ் நிலையத்திலும் ஒட்டுவார்கள். ஓவியர் யாரும் தேவையில்லை.

வரைந்து முடிந்ததும் தாள்களைச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த கட்டம்தான் மிக முக்கியம், அவசரப்படவேண்டாம். வரைந்தவர் வாய் திறக்கக்கூடாது. மற்றவர்கள் படத்தின் முன் நின்று, தங்களுக்கு என்ன தெரிகிறது என்று சொல்லவேண்டும். இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? வேறென்ன தெரிகிறது? ஓவியங்களைக் கண்டு பேசப் பழக்குவதற்காக அபிகேல் ஹவுசன், பிலிப் யெனவைன் இருவரும் வகுத்த முறையின் மூன்று கேள்விகள் இவை. வகுப்புக்கு இவை அப்படியே பொருந்தும். எல்லாரும் பேசிய பிறகு வரைந்தவர் தான் நினைத்ததைச் சொல்கிறார். அவர் நினைத்ததும் மற்றவர் கண்டதும் வேறுபடும் இடத்தில் நில்லுங்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் தாயைத் தியாகி என்று நினைத்து ஒருவர் வரைந்திருப்பார். பார்த்தவர்களுக்கு அவர் பிள்ளையை விட்டுப்போனவராகத் தெரிந்திருக்கும். ஏன் என்று தேடினால், தகப்பன் படத்திலேயே இல்லை என்பது பிடிபடும்.

அப்புறம், மறுபடி வரையவேண்டும். ஒரு தடவை வரைந்து, சுவரில் ஒட்டி, கைதட்டி முடித்துவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. முதல் படத்தையும் இரண்டாவது படத்தையும் பக்கத்தில் வைத்து, எதை ஏன் மாற்றினேன் என்று மாணவர் நான்கு வரி எழுதட்டும். புள்ளி போடவேண்டும் என்றால் அந்த நான்கு வரிக்கும் கருத்தின் தெளிவுக்கும் போடுங்கள். கோட்டின் அழகுக்கு ஒரு புள்ளியும் வேண்டாம்.

உண்மை சரிபார்ப்பதும் இதற்குள் அடங்கும். கேலிச்சித்திரம் மிகைப்படுத்தலாம், பொய் சொல்லக்கூடாது. இந்தக் கரையில் அடிக்கடி வரக்கூடிய பிழை ஒன்றைச் சொல்கிறேன். காலநிலை மாற்றத்தை வரையச் சொன்னால் சிலர் 2004 டிசம்பர் 26 அலையை வரைவார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கடல் என்றாலே அந்த நாள்தான் முன்னால் வரும், அதில் வியப்பில்லை. ஆனால் சுனாமி சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் வந்தது. காலநிலை மாற்றத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை மெதுவாகச் சொல்லித் திருத்தவேண்டும். அந்த அலையில் உறவினரை இழந்தவர் அதே வாங்கில் இருக்கக்கூடும். திருத்தியதும் புகையின் கணக்கைக் கொடுங்கள்: அண்மைய ஆண்டுகளில் இலங்கையர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு, அமெரிக்கர் ஒருவருக்கு 14, 15 தொன். இந்த இரண்டு எண்களையும் ஒரே சட்டத்துக்குள் வரையச் சொன்னால் வகுப்பு சூடுபிடிக்கும்.

தொப்பி, பொட்டு, காவி

கேலிச்சித்திரம் குறுக்கு வழியில் ஆளைக் காட்டும். ஒரு தொப்பி, ஒரு பொட்டு, ஒரு காவித் துண்டு வரைந்தால் ஆள் யாரென்று சொல்லிவிடலாம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற மூன்று சமூகங்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழும், ஒன்றுக்கொன்று காயப்பட்ட நினைவுகளும் இருக்கும் நம் மாவட்டங்களில் இது பாரதூரமான விடயம். வட்டிக்காரருக்கு ஒரு சமூகத்தின் அடையாளத்தையும், கலவரக்காரருக்கு இன்னொரு சமூகத்தின் அடையாளத்தையும் கை தானாகப் போட்டுவிடும். நாஜி ஜெர்மனியில் யூதரைக் குறித்து வெறுப்பு வளர்த்ததும் இதே குறுக்கு வழிச் சித்திரங்கள்தான். அதனால் வரையத் தொடங்கும் முன்பே ஒரு விதியை வகுப்பே பேசி ஏற்கட்டும்: செயலைக் கேலி செய்யலாம், பலமுள்ளவரைக் கேலி செய்யலாம், பிறப்பையும் வழிபாட்டையும் கேலி செய்யக்கூடாது. அப்படியும் ஒரு படம் வந்துவிட்டால் கிழித்துப் போடாதீர்கள், சுவரிலும் ஒட்டாதீர்கள். வரைந்தவரோடு தனியே உட்கார்ந்து, இந்தத் தொப்பியை எடுத்துவிட்டால் படத்தின் கருத்து மாறுமா என்று கேளுங்கள். மாறாது என்றால் தொப்பி தேவையில்லை. மாறும் என்றால் அந்தக் கருத்தைப் பற்றித்தான் பேசவேண்டியிருக்கிறது.

உயிருள்ளவற்றின் உருவத்தை வரைய விரும்பாத முஸ்லிம் மாணவர்களும் இருப்பார்கள். அவர்களை வற்புறுத்தவேண்டாம், ஒதுக்கியும் வைக்கவேண்டாம். பொருள்களை வைத்தே மிக வலுவான கேலிச்சித்திரம் வரையலாம். வெறும் பானை, கவிழ்ந்த தோணி, இரண்டு தட்டும் சமமில்லாத தராசு, கடவுச்சீட்டு, ஒரு பக்கம் மட்டும் பூட்டுப் போட்ட கதவு. சொல்லப்போனால் முகம் வரையாத படங்களில் சாதி, இன அடையாளம் நுழைவதற்கு இடமே குறைவு. முழு வகுப்பையும் ஒரு தடவை பொருள்களை மட்டும் வைத்து வரையச் சொல்வதை நான் விரும்பிப் பரிந்துரைப்பேன்.

படங்களை வட்ஸ்அப்பிலோ முகநூலிலோ போடும் முன் வரைந்தவரிடம் அனுமதி கேளுங்கள், பெயரை மறையுங்கள். வகுப்பில் பேச்சோடு சேர்த்துப் பார்த்த படம் வெளியே போகும்போது பேச்சு கூடப் போவதில்லை.

பாடசாலைக்குக் கொண்டுபோகும்போது

மூன்றாம் ஆண்டில் தரம் 6 பிள்ளைகளின் முன் நிற்கும்போது ‘உலகப் பிரச்சினை’ என்ற சொல்லையே எடுக்கவேண்டாம். காலையில் சாப்பிட்டதை வரையச் சொல்லுங்கள். பாணும் பருப்பும் என்றால் கோதுமை மா எங்கிருந்து வந்தது, பருப்பு எங்கிருந்து வந்தது என்று அம்புக்குறி போடட்டும். நம் நாட்டில் கோதுமை விளைவதில்லை. மைசூர்ப் பருப்பும் கப்பலில்தான் வருகிறது. அந்தக் கப்பல் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதை அடுத்த கட்டத்தில் வரையட்டும். தரம் 10, 11 என்றால் நுண்கடனோ குப்பையோ நேராகவே கொடுக்கலாம். குடியியற் கல்வி, புவியியல் பாடங்களில் இடம் இருக்கிறது. ஒரு பாடவேளை குறுகியது என்பதால் முதல் நாள் வரைவதோடு நிறுத்தி, சுவர்ப் பேச்சை அடுத்த பாடவேளைக்கு வையுங்கள். இடையில் உள்ள நாட்களில் பிள்ளைகள் தாங்களாகவே சுவரண்டை நின்று பேசிக்கொள்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அடுத்த பாடத்துக்கான கேள்விகள் அங்கேயே கிடைக்கும்.